முப்பத்து நான்கில் இரண்டு குறைகிறது

அத்தியாயம் 9

“முப்பத்தி நாலு” என்றார் வெர்லின்.

லோர்னா அவருடைய சக்கர நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எது முப்பத்து நாலு என்று இன்னொரு தடவை கேட்டாள். அவர் இடது கையைத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் நின்ற அலுமினிய விமானத்தின் இடது இறக்கையைக் காட்டினார். வலது கை மடியில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. அவ்வளவுதான் பதில்.

ஜனவரியில் பக்கவாதம் வந்தபோது அவர் பேச்சையெல்லாம் அது வழித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் வைத்தது மூன்றே சொல். ம், இல்ல, காப்பி. மூன்று வாரத்துக்கு முன்பு மகள் ஆனெட் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து, பதினோரு வருஷமாக அவர் தன் கையால் கட்டிய விமானத்தின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். அன்றைக்குத்தான் நான்காவது சொல் வந்தது. வந்ததிலிருந்து அழுகையும் கூடவே வந்தது.

அதற்காகத்தான் ஆனெட் மில்வாக்கியிலிருந்து லோர்னாவை வரவழைத்தாள். அப்பா என்ன சொல்ல வருகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள். பன்னிரண்டு மணிக்கு விமானத்தின் முதல் பறப்பு. ஓட்டப் போவது ஆனெட்.

இப்போது மணி ஒன்பது.

“இதுலயா ஏறப் போறீங்க?” என்று ஆனெட்டைக் கேட்டுவிட்டு, கஸ் இறக்கையை ஒரு விரலால் தட்டிப் பார்த்தான். “பீர் டின் கணக்கா இருக்கு. எனக்கு பீரை டின்லேருந்து வெளிய எடுத்துதான் பழக்கம். நான் உள்ள போனதில்ல.”

கஸ் லோர்னாவின் உதவியாள். முப்பது வருஷம் கசாப்புக் கடை வைத்திருந்து, முட்டி தேய்ந்து, நிற்க முடியாமல் இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவன். லோர்னா வந்த வழி வேறு. ஒரு விமானக் கம்பெனியின் பட்டறையில் இருபது வருஷம் தகட்டு வேலை. அதற்கப்புறம் விழுந்த விமானங்களைப் பார்த்துக் காரணம் எழுதும் வேலை. விழுந்தவற்றைப் பார்த்துப் பார்த்து, நின்றுகொண்டிருக்கும் எதையும் நம்பாதவளாகிப் போனாள்.

விமானம் நின்ற கொட்டகையின் கதவோரமாக ராஸ்கோ வந்தார். கையில் ஒரு தட்டு; அதில் மூன்று பான்கேக், இரண்டு சாசேஜ், மேலே குளம்போல மேப்பிள் பாகு. பக்கத்துக் கொட்டகையில் விமானச் சங்கத்தின் சனிக்கிழமைக் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ராஸ்கோதான் இந்தப் பெல் க்ரீக் விமான மைதானத்தின் பெரிய மனிதர். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் அடுத்த தகட்டை மூடுவார்கள். வெர்லின் படுத்தபிறகு மிச்சமிருந்த இடது இறக்கையின் அடித்தகட்டை மார்ச் மாதம் மூடி, தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ரிவிட் ஆணிகளை அடித்துக் கொடுத்ததும் அவரும் அவருடைய நண்பர் டுவேனும்தான். ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கேட்கவில்லை.

முப்பத்து நாலு என்பதற்கு அவரிடம் விளக்கம் இருந்தது. அந்த வயதில்தான் வெர்லின் லைசென்ஸ் வாங்கினார், பாவம் மனசு பின்னால் போகிறது, என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொல்லிவிட்டு வெர்லினின் தோளில் தட்டினார். வெர்லின் தோளை இழுத்துக்கொண்டார்.

லோர்னா அந்தத் தோளைப் பார்த்தாள். 

சுவரில் வரிசையாகப் பதினோரு புகைப்படங்கள். பதினோரு விமானங்களின் முதல் பறப்பு. பதினோரு படத்திலும் ஓட்டுகிறவர் வேறு வேறு. பக்கத்துச் சீட்டில் மட்டும் ஒரே ஆள், ராஸ்கோ. துணைக்கு அனுபவமுள்ள ஒரு பைலட் உட்காரலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த மைதானத்தில் அந்த இடம் அவருடையது என்று வழக்கமே ஆகிவிட்டது. பன்னிரண்டாவது படத்துக்கு ஆணிகூட அடித்து வைத்திருந்தார்.

“ஆனா இன்னிக்கு நான் ஏற முடியலம்மா” என்றார் ராஸ்கோ, காதைத் தொட்டுக்கொண்டு. “சளி பிடிச்சு ரெண்டு காதும் அடைச்சுக்கிச்சு. மேல போனா உயிர் போயிரும். ஆனெட் தனியாவே ஜமாய்ச்சுருவா. நான் கீழேருந்து போட்டோ எடுத்துக் குடுக்கறேன்.”

படங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர். அதில் நசுங்கியதும் கிழிந்ததும் ஓட்டை இடம் தப்பியதுமாக அலுமினியத் துண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் கெடுத்தவர் பெயரும் தேதியும். இந்தச் சங்கத்தின் சட்டம் அது. கெடுத்தால் வெட்டி எடு, பெயர் போட்டு மாட்டு, மறுபடி செய். சட்டம் போட்டவர் ராஸ்கோ. வெர்லினுடைய துண்டுகள் ஏழு இருந்தன. ராஸ்கோவுடையதும் மூன்று, கடைசித் துண்டின் தேதிக்கு ஒன்பது வயசு.

ராஸ்கோ போனதும் கஸ் சொன்னான்: “நம்ம கடையிலயும் இப்படி ஒரு சுவர் வச்சிருந்தா, என் கட்டைவிரல் நுனி ரெண்டு தொங்கியிருக்கும்.”

லோர்னா சிரிக்கவில்லை. வெர்லினின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ந்த இறக்கை விமானம் அது. நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இறக்கையின் மேல்பக்கம்தான் கண்ணில் படும். அடிப்பக்கம் தெரிய வேண்டுமானால் தரையில் படுக்க வேண்டும். இல்லையென்றால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும்.

அந்த நான்காவது சொல் வந்த அன்றைக்கு அப்பாவின் கை எங்கே இருந்தது என்று ஆனெட்டிடம் கேட்டாள். இறக்கைக்கு அடியில், என்றாள் ஆனெட். பூனையைத் தடவுவதுபோல நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாராம்.

லோர்னா கோட்டைக் கழற்றிக் கஸ்ஸிடம் எறிந்துவிட்டு, தரையில் மல்லாந்து விமானத்துக்கு அடியில் ஊர்ந்தாள்.

விமானத்து ரிவிட்டின் தலை தகட்டோடு தட்டையாக உட்கார்ந்திருக்கும். மேலே வெள்ளைப் பெயிண்ட். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டைவிரலை மெல்ல ஓட்டினால், ஒவ்வொரு தலையும் ஒரு மெல்லிய வளையமாகத் தட்டும். முதலில் வலது இறக்கை. உடம்போடு சேரும் இடத்திலிருந்து பழுது பார்க்கக் கையை உள்ளே விடுகிற ஓட்டையின் மூடி வரைக்கும் ஒரே வரிசை. எண்ணினாள். முப்பத்து நாலு.

இடது இறக்கைக்கு ஊர்ந்து போனாள். எண்ணினாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“முப்பத்தி ரெண்டு” என்றாள் அடியிலிருந்து.

“ரெண்டு ரிவிட்டை மறந்துட்டாங்களா, தலைவி?”

“மறந்தா ஓட்டை இருக்கும். இங்க வழவழன்னு இருக்கு. குழந்தை கன்னம் மாதிரி.”

பத்தொன்பதாவதுக்கு அப்புறம் ஒரு சாண் இடம் விரலுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. பெயிண்டைச் சுரண்டட்டுமா என்று ஆனெட்டிடம் கேட்டாள். ஆனெட் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. லோர்னா தன் சட்டைப்பையிலிருந்து பழைய லைப்ரரி கார்டை எடுத்து அதன் ஓரத்தால் சுரண்டினாள். பெயிண்ட் உரிந்தது. அதற்கடியில் அலுமினியம் வரவில்லை. மங்கிய ரோஜா நிறத்தில் பட்டி வந்தது. இடித்த காருக்குப் பூசுவார்களே, அந்தப் பட்டி. பொலபொலவென்று உதிர்ந்து அவள் கன்னத்திலும் உதட்டிலும் விழுந்தது. துப்பினாள்.

பட்டிக்கு அடியில் இருந்தது இரண்டு ரிவிட் அல்ல. மூன்று இருந்தன. முதலாவதும் மூன்றாவதும் இருக்க வேண்டிய இடத்தில். நடுவில் ஒன்று, முதலாவதோடு ஒட்டிக்கொண்டு, பல்மேல் பல் முளைத்ததுபோல.

என்ன நடந்ததென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சின்ன விஷயம்தான். ஒரு ரிவிட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் நடக்கும். அதைத் துளைத்து எடுக்கப் போயிருக்கிறார்கள். டிரில் வழுக்கிப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டுவிட்டது. அதுவும் நடக்கும். ஆனால் அந்த ஓட்டை தகட்டோடு நிற்கவில்லை. உள்ளே இறக்கை முழுவதையும் தாங்குகிற உத்தரத்தையும் துளைத்துவிட்டது. அப்படியானால் வேலையை நிறுத்த வேண்டும். தகட்டைத் திறந்து, அளவெடுத்து, தொழிற்சாலைக்கு ஒரு போன் போட்டு, அவர்கள் சொல்கிற கனத்தில் ஒட்டுத்தகடு வைத்து இறுக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை வேலை. செய்தபிறகு முன்னைவிட உறுதியாக இருக்கும்.

இங்கே நடந்தது அதில்லை. அந்த ஓட்டையிலும் ஒரு ரிவிட்டை அடித்து, மேலே பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்டை அடித்திருக்கிறார்கள். இரண்டு ஓட்டைக்கும் நடுவே உத்தரத்தில் மிச்சமிருந்தது நகக்கண் அகல உலோகம்தான். காற்று இறக்கையைத் தூக்கும்போது முதலில் கிழிகிற இடம்.

“கெட்ட கறிக்கு மசாலா தடவி விக்கறது” என்றான் கஸ். முகம் கோணிப்போயிருந்தது. “எங்க தெருவுல ஒருத்தன் செஞ்சான். கல்யாண வீட்டுக்கே குடுத்தான். அவன் கடைப்பக்கம் இப்ப நாய்கூடப் போறதில்ல.”

லோர்னா கையை விடுகிற ஓட்டையின் மூடியைக் கழற்றினாள். நீண்ட கம்பியில் பொருத்திய கண்ணாடி ஒன்று அவளிடம் உண்டு, பல் டாக்டரிடம் இருப்பதுபோல. அதையும் டார்ச்சையும் உள்ளே விட்டாள். மூன்று ரிவிட்டின் வால்களும், அதாவது உள்பக்கம் நசுக்கிய முனைகளும், தெரிந்தன. அவற்றைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு. ஓட்டை போடுவதற்கு முன் அடையாளம் வைப்பார்களே, அந்தக் கூட்டல் குறி.

பென்சில்.

“பென்சிலா?” என்றாள் ஆனெட். அவளுக்குப் பட்டியைவிட அதுதான் அதிக அதிர்ச்சி. பென்சில் கரி ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும். தகட்டு விமானம் கட்டுகிறவன் மைப்பேனாவால் மட்டும்தான் கோடு போடுவான். பென்சில் எடுப்பவன் மரவேலைக்காரன். இந்த மைதானத்தில் மர விமானம் கட்டுகிறவர் ஒரே ஒருவர், டுவேன். அவர் வெர்லினின் விமானத்தை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை அவரிடம் திட்டு வாங்கியவரும்கூட.

“ஆள் கிடைச்சாச்சு. மணி பத்துதான் ஆகுது” என்று கஸ் கையைத் தட்டினான். “சூடு ஆறாம சாசேஜும் சாப்பிட்டுடலாம்.”

பக்கத்துக் கொட்டகையில் டுவேன் தோசைக்கல் மாதிரி நீண்ட ஒரு கல்லின் முன்னால் நின்று பான்கேக் புரட்டிக்கொண்டிருந்தார். ஒல்லி, வாயாடி. வெர்லினின் இறக்கை வேலையில் பென்சிலால் கோடு போட்டீர்களா என்று லோர்னா நேராகவே கேட்டாள். அவர் கரண்டியால் வாசலைக் காட்டினார். அங்கே ஆணியில் ஒரு காப்பி டப்பா தொங்கியது. அதில் தச்சர்கள் வைத்துக்கொள்ளும் பட்டையான சிவப்புப் பென்சில் இரண்டு.

“இருபது வருசமா இவனுங்க கொட்டகைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி என் பென்சிலைப் புடுங்கி அந்த டப்பாவுல போட்டுடறானுங்க. வெடிகுண்டு கொண்டுட்டு வந்தவன் மாதிரி” என்றார். “நான் மரக்கட்டைக்காரன்தான். மடையன் இல்ல.”

அப்புறம் தானாகவே சொன்னார். கடைசிச் சனிக்கிழமை ஒரு ரிவிட் கோணிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்றார் ராஸ்கோ. பேத்தியின் ஹாக்கி ஆட்டத்துக்கு நேரமானதால் டுவேன் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது இறக்கைக்குப் பெயிண்டே அடித்தாகிவிட்டது.

அவர் பொய்யும் சொல்லலாம் என்றான் கஸ், திரும்பி வரும் வழியில். சொல்லலாம்தான். லோர்னா மறுபடி இறக்கைக்கு அடியில் படுத்தாள். இந்தத் தடவை கண்ணாடியை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. சாப்பாட்டில் முடி கண்டவள் முகம் அது.

“கஸ், கறிக்கடையில குறி எப்பப் போடுவே?”

“வெட்டறதுக்கு முன்னாடி.”

“இங்க பென்சில் கோடு ரிவிட்டோட வாலுக்கு மேலேயே ஏறி அந்தப் பக்கம் போகுது. ஓட்டை போட்டு, ரிவிட்டும் அடிச்சு முடிச்சப்புறம் எவனோ கையை உள்ள விட்டு அடையாளம் போட்டிருக்கான். என்னிக்காவது மாட்டினா டுவேன் தலையில விழட்டும்னு.”

 

யாரென்று மூவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கையும் களவுமாக ஒன்றுமில்லை. பென்சில் டப்பா வாசலில் தொங்குகிறது, யாரும் எடுக்கலாம். லோர்னா ஆனெட்டின் காதில் ஏதோ சொன்னாள். ஆனெட்டின் உதடு வெளுத்தது. பிறகு சரி என்றாள்.

பதினொன்றரை மணிக்கு விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தினார்கள். பட்டி உதிர்ந்த இடம் அடியில் இருந்ததால் நிற்பவர் யார் கண்ணிலும் படவில்லை. சங்கத்து ஆட்கள் காப்பிக் கோப்பைகளோடு புல்லில் நின்றார்கள். இறக்கையை நன்றாகப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை என்று லோர்னா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆனெட் மட்டும், தனியாக ஏறப் படபடப்பாக இருக்கிறது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் தேவலை என்றாள்.

எல்லாரும் ராஸ்கோவைப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் கேமரா தொங்கியது. காதைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

“எழுநூறு அடிதான், ராஸ்கோ. ஏரிக்கரை வரைக்கும் ஒரு வட்டம்” என்றாள் லோர்னா.

அவர் தலையை ஆட்டினார். அவள் நகர்ந்து அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, கோவிலில் பேசுவதுபோல மெல்ல, சட்டையில் பாகு வழிகிறது என்றாள். ராஸ்கோ சட்டென்று குனிந்து சட்டையைப் பார்த்துத் துடைத்துக்கொண்டார். காதடைத்த மனிதர்.

“நான் வர்றேன்மா” என்று டுவேன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்தார். கையில் இன்னும் மாவு. “லைசென்ஸ் எனக்கும் இருக்கு. பென்சிலை டப்பாவுலயே விட்டுட்டு வர்றேன், பயப்படாதே.”

எல்லாரும் சிரித்தார்கள். ராஸ்கோவும் சிரித்தார்.

டுவேன் ஏறி உட்கார்ந்தார். ஆனெட் ஏறினாள். கண்ணாடிக் கூண்டு மூடியது. என்ஜின் உறுமியது, புல் தரையோடு படுத்தது. லோர்னா விமானத்தைப் பார்க்கவில்லை. ராஸ்கோவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று ஒரு வார்த்தை. அந்த வாயிலிருந்து அது வர வேண்டும் என்று அவள் மனசார விரும்பினாள். இருபது வருஷ நண்பர் ஒருவர், கைக்குழந்தையிலிருந்து பார்த்த பெண் ஒருத்தி, அரை நிமிஷம், ஒரு வார்த்தை.

ராஸ்கோ கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார்.

லோர்னா கையை உயர்த்திக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாள். ஆனெட் அதற்காகவே காத்திருந்தவள். என்ஜின் நின்றது. 

“அந்தப் போட்டோவை வச்சுக்க, ராஸ்கோ” என்றாள் லோர்னா. “அடியில மூணு ரிவிட். மேல பட்டி. உள்ள பென்சில் கோடு, ரிவிட் வாலுக்கு மேல.”

அவர் மறுக்கப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் ஏற்கனவே தரையில் படுத்து இறக்கைக்கு அடியில் தலையை விட்டிருந்தார். அவர் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் கையைக் கால்சட்டையில் துடைத்ததும் ராஸ்கோவின் தோள் இறங்கியது. பிறகு கண்ணைப் பற்றிப் பேசினார். புரை விழுந்திருக்கிறதாம். டிரில் முனை சரியாகத் தெரியவில்லையாம். சொன்னால் யார் இனிமேல் இறக்கையைக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்றாராம் தனக்குத்தானே.

“அவ மேல போறான்னு தெரியும்ல?” என்று டுவேன் கூண்டைத் திறந்து இறங்காமலே கேட்டார். குரலில் வாயாடித்தனம் ஒரு சொட்டு இல்லை.

“ஒரு வட்டத்துக்குத் தாங்கும்னு நெனச்சேன்” என்றார் ராஸ்கோ. “அப்புறமா ஒரு நாள் நானே திறந்து சரி பண்ணியிருப்பேன்.”

“ஒரு வட்டத்துக்குத் தாங்கும்னா” என்றாள் லோர்னா, “நீ ஏன் ஏறல?”

 யாரோ ஒருவர் கையிலிருந்த பான்கேக்கைத் தட்டோடு குப்பைத் தொட்டியில் போட்டார். இன்னொருவரும் போட்டார். கஸ் தன் சாசேஜைப் பார்த்தான், அதையும் போட்டான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அது என்ன அர்த்தமென்று தெரியும். ரெண்டு சனிக்கிழமை, என்று முனகினான். ரெண்டே ரெண்டு சனிக்கிழமை வேலை, த்தூ.

ஆனெட் அழவில்லை. இறங்கி வந்து, அப்பாவின் நாற்காலியைப் புல்மேல் தள்ளிக்கொண்டு போய் இடது இறக்கையோரம் நிறுத்தினாள். வெர்லின் நல்ல கையை அடியில் நீட்டினார். கட்டைவிரல் உடம்போரத்திலிருந்து கிளம்பியது. எண்ணுவதுபோல உதடுகள் அசைந்தன.  பட்டி உதிர்ந்த இடத்துக்கு வந்தபோது விரல் நின்றது. ஒன்று, ஒட்டிக்கொண்டிருந்த இன்னொன்று, அப்புறம் ஒன்று. அதைத் தாண்டி மூடி வரைக்கும் போய்த் திரும்பியது.

கையை வெளியே எடுத்து, விரலில் ஒட்டியிருந்த ரோஜா நிறப் பொடியைப் பார்த்தார். அதை நாற்காலியின் கையில் அழுத்தித் தேய்த்துத் துடைத்தார். பிறகு தலையைத் திருப்பி, கேமராவோடு நின்ற மனிதரை நேராகப் பார்த்து, ஆறு மாதத்தில் தன் ஐந்தாவது சொல்லைச் சொன்னார்.

“முப்பத்தஞ்சு.”

அவர் அதைச் சொன்ன விதத்துக்கு, அதைவிடக் கெட்ட வார்த்தை அந்த மைதானத்தில் அதற்குமுன் யாரும் பேசியதில்லை.